செட்டித் தெருவும் மூன்று கோபுரங்களும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சிங்கப்பூர் ஆற்றங்கரையைப் பற்றி அரைப்பக்கம்தான் எழுதினேன். இருபது வருடம் அங்கே ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபடம் போட்டவள் என்று அதில் சொல்லியிருந்ததால் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்தேன். ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். போன மாதம் போய் வந்தேன். மூன்று கோபுரத்தின் தலையில் கப்பலைத் தூக்கி வைத்தது போல ஒரு கட்டடம். கொஞ்சம் தள்ளி ஆற்றோரம் ஓடு வேய்ந்த சின்னச் சின்ன வீடுகள். அந்தப் பெரிய கட்டடத்துக்காக இப்படி எத்தனை வீடுகளை இடித்தார்களோ என்று மனசு சங்கடப்பட்டது.
*வாசகி, தேவகோட்டை*

அதற்காக ஒரு வீடும் இடிபடவில்லை அம்மா. அது நிற்கிற இடம் அறுபது வருடத்துக்கு முன் கடல். 1970களில் தொடங்கி மண்ணும் மணலும் கொட்டி 360 ஹெக்டேர் நிலத்தை உண்டாக்கினார்கள். கொட்டிய மண் இறுகட்டும் என்று வருடக்கணக்கில் சும்மாவே விட்டிருந்தார்கள். நீங்கள் பார்த்த அந்தக் கட்டடம், மரினா பே சேண்ட்ஸ் ஓட்டல், திறந்தது 2010ல்தான்.

நீங்கள் ஆற்று முகத்தில் ஃபுல்லர்ட்டன் ஓட்டலைப் பார்த்திருப்பீர்கள், பெரிய தூண்கள் வைத்த சாம்பல் நிறக் கட்டடம். 1928ல் கட்டியது. தலைமைத் தபால் நிலையமாக இருந்தது. அன்றைக்குக் கடல் அதன் வாசலுக்கு எதிரே இருந்த சாலையோடு முடிந்தது. அந்தச் சாலையில் நின்று எதிரே பார்த்தால் இன்று தெரிகிற அத்தனையும் புது மண். இந்த ஒரு முடிவை நான் மனசாரப் பாராட்டுகிறேன். உயரமானதைப் புது மண்ணில் நிறுத்தினார்கள். ஆற்றோரத்துப் பழைய வரிசையை 1989ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, குள்ளமாகவே விட்டார்கள். நடுவில் ஒரு பெரிய தண்ணீர்ப் பரப்பு இருப்பதால் ஒன்று இன்னொன்றை நசுக்கவில்லை.

வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. 55 மாடிக் கோபுரங்கள் மூன்று, மேலே 340 மீட்டர் நீளத்துக்குத் தோட்டமும் நீச்சல் குளமும். அவ்வளவு அறைகளையும் ஒரே சுவராக எழுப்பியிருந்தால் ஊருக்கும் கடலுக்கும் நடுவே திரை போட்டது போல ஆகியிருக்கும். மூன்றாகப் பிரித்து இடைவெளி விட்டதால் இந்தப் பக்கம் நிற்பவருக்கு அதன் வழியே வானம் தெரிகிறது. அடுத்த முறை போகும்போது கப்பலை விட்டுவிட்டு அந்த இடைவெளிகளைப் பாருங்கள்.

நான்காவது கோபுரமும் வருகிறதாமே?
*வாசகர், ஈசூன், சிங்கப்பூர்*

ஆமாம், 2025ல் வேலை தொடங்கிவிட்டது. அதே சாஃப்டிதான் வடிவமைக்கிறார். எனக்கு இதில் சம்மதம் இல்லை. மூன்றும் நடுவே வெளியுமாக ஒரு கணக்கு அமைந்துவிட்டது. அதன் பக்கத்தில் தனியாக ஒன்று எழும்போது அந்தக் கணக்கு குலையும் என்றுதான் தோன்றுகிறது.

அந்த ஆற்றில் ஆதியில் படகு ஓட்டியவர்கள் நம் கரைக்காரர்கள்தான் என்று என் மாமனார் சொல்வார். அது நிஜமா, பெருமைக்குச் சொல்வதா?
*வாசகர், நாகப்பட்டினம்*

நிஜம்தான். 1819ல் ஆங்கிலேயர்கள் அங்கே வந்த பிறகு முதல் சில பத்தாண்டுகள், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றிய படகுகளில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாக்கள்தான் இருந்தார்கள், அதாவது நம் தமிழ் முஸ்லிம்கள். சூலியா ஸ்திரீட் என்ற தெரு இன்றும் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1860கள் வாக்கில் சீனர்களின் பெரிய தொங்கான்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. முன்பக்கம் இரண்டு கண் வரைந்திருக்கும். வழி பார்த்துப் போகுமாம்.

போட் கீ என்கிற ஆற்று வளைவைக் கெண்டை மீனின் வயிறு என்று சீனர்கள் சொல்வார்கள். வயிற்றில் செல்வம் தங்கும் என்பது நம்பிக்கை. தங்கத்தான் செய்தது. அரிசி, ரப்பர், கொப்பரை எல்லாம் படகிலிருந்து கரைக்குப் போட்ட ஒற்றைப் பலகையில் ஆள் முதுகு வழியாக ஏறி இறங்கின. அந்தப் பலகைக்கு முடிவு கட்டியது கட்டடக்காரர்கள் இல்லை, கன்டெய்னர். 1972ல் தஞ்சோங் பகாரில் கன்டெய்னர் கப்பல் வரத் தொடங்கியதும் மூட்டைக்கும் தொங்கானுக்கும் வேலை குறைந்துகொண்டே வந்தது. 1983ல் மிச்சமிருந்த படகுகளையும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். உலகத்தில் எந்தத் துறைமுக ஊரை எடுத்தாலும் கரையோரம் காலியானதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இரும்புப் பெட்டிதான் இருக்கும்.

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஸ்பெயினில் பில்பாவோ என்ற ஊர் ஒரே ஒரு அருங்காட்சியகத்தால் எழுந்து நின்றது என்று வகுப்பில் சொன்னார்கள். சிங்கப்பூரும் அப்படித்தானா? ஒரு கட்டடம் போதுமா?
*மாணவி, கோவை*

போதாதும்மா. பில்பாவோவிலும் அது மட்டும் இல்லை. ஃபிராங்க் கேரியின் குகன்ஹைம் 1997ல் திறந்தது, டைட்டானியத் தகடு போர்த்திய அழகான கட்டடம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே அந்த ஊருக்கு மெட்ரோ ரயில் வந்துவிட்டது. ஆற்றில் சாக்கடை விழாமல் செய்கிற வேலையை 1980களிலேயே தொடங்கிவிட்டார்கள். புகைப்படத்தில் மெட்ரோவும் சாக்கடைக் குழாயும் தெரியாது. அதனால் ஒரு கட்டடம் அற்புதம் செய்தது போலக் கதை பரவிவிட்டது.

சிங்கப்பூரில் வரிசை இன்னும் தெளிவாக இருக்கிறது. முதலில் தண்ணீர். 1977 பிப்ரவரியில் லீ குவான் யூ, பத்து வருடத்தில் இந்த ஆற்றில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று சொன்னார். அப்போது அந்த ஆறு எப்படி இருந்தது என்பதை நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பாட்டி சொல்லியிருக்கிறார். எல்ஜின் பாலத்தில் பஸ் ஏறும்போதே எல்லோர் கையும் தன்னால் மூக்குக்குப் போகுமாம். பாலம் தாண்டிய பிறகுதான் பேச்சு தொடருமாம். கரையில் இருந்த பட்டறைகள், கழிவறை இல்லாத குடிசைகள், தெருவோரக் கடைகள், மேலே கால்லாங் பக்கம் அறுநூற்றுக்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகள், எல்லாவற்றின் கழிவும் ஒரே தண்ணீரில்தான் கலந்தது. ஏறக்குறைய 26,000 குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுத்தார்கள். தெருக்கடைக்காரர்களுக்கு உணவங்காடி கட்டிக் கொடுத்தார்கள். அப்புறம்தான் ஆற்றின் அடியில் கிடந்த சேற்றை அள்ளினார்கள். 1987ல் வேலை முடிந்தது. மரினா பே சேண்ட்ஸோ எஸ்பிளனேட் கலையரங்கமோ அன்றைக்கு இல்லை.

இன்னொரு வேலையும் உண்டு, சுற்றுலாப் போகிறவர்கள் அதிகம் கவனிக்காதது. 2008ல் மரினா வாய்க்காலின் கடல் முகத்தில் 350 மீட்டர் நீளத்துக்கு ஓர் அணை கட்டினார்கள், மரினா பராஜ். நம் ஊர் ஏரிக்கு மதகும் கலிங்கும் போல நினைத்துக்கொள். மழை கொட்டும்போது கடல் தாழ்ந்திருந்தால் ஒன்பது இரும்பு மதகுகளை இறக்கி வெள்ளத்தை வெளியே விடுவார்கள். கடல் உயர்ந்திருந்தால் மதகைத் திறக்க முடியாது, கடல் உள்ளே வந்துவிடும். அப்போது ஏழு பெரிய பம்புகள் வெள்ளத்தை இறைத்துக் கடலில் கொட்டும். இதனால் சைனா டவுன், போட் கீ போன்ற பள்ளமான இடங்களில் வெள்ளம் தேங்குவது குறைந்தது. உப்புத் தண்ணீர் மெல்ல மெல்ல நல்ல தண்ணீராகி, அந்த விரிகுடாவே குடிநீர் ஏரியாகிவிட்டது. மூன்று கோபுரத்தின் நிழல் விழுகிற தண்ணீரைச் சுத்திகரித்து ஊர் குடிக்கிறது. தன் குடிநீரில் குப்பை விழ எந்த ஊர் விடும்?

இதற்கெல்லாம் பிறகு விரிகுடாவைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் நடைபாதை போட்டார்கள். ஓட்டல் வாசலாக இருந்தாலும் வங்கி வாசலாக இருந்தாலும் தண்ணீர் விளிம்பில் யாரும் நடக்கலாம். உன் கல்லூரித் திட்டத்துக்கு ஆற்றங்கரையை எடுத்தால், கட்டடத்தை வரைவதற்கு முன் இரண்டு தாள்களை வரைந்து பார். ஒன்றில் சாக்கடை எங்கே விழுகிறது என்று. மற்றொன்றில் டிக்கெட் வாங்காத ஓர் ஆள் எவ்வளவு தூரம் தண்ணீரை ஒட்டி நடக்க முடியும் என்று. இவை இரண்டும் சரியாக வந்த பிறகு கட்டடத்துக்கு வா.

எஸ்பிளனேட் கலையரங்கை ஏன் முள்நாறிப் பழம் (டூரியன்) மாதிரி கட்டினார்கள்?
*வாசகர், திருச்சி*

அப்படிக் கட்ட நினைக்கவில்லை. முதலில் போட்ட வரைபடத்தில் வெறும் கண்ணாடிக் கூடுகள்தான். நிலநடுக்கோட்டு ஊரில் கண்ணாடிக்குள் உட்கார்ந்தால் வெந்துபோக வேண்டியதுதான் என்று பலரும் எதிர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் வெயில் விழுகிற கோணத்துக்கு ஏற்ப மடித்த 7,139 அலுமினியத் தகடுகளைக் கூட்டின் மேல் பொருத்தினார்கள். அந்தத் தகடுகள்தான் முள் மாதிரி தெரிகின்றன. வெயிலுக்குப் பயந்து வந்த வடிவம் என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம்.

2002ல் திறந்தது. அந்த வருடத்திலிருந்தே அங்கே இந்தியக் கலைகளுக்கு ‘கலா உற்சவம்’ நடக்கிறது. வெளியே தண்ணீரைப் பார்த்த திறந்த மேடையில் இலவச நிகழ்ச்சிகள் உண்டு. வேலை முடிந்து வந்த நம் ஊர்ப் பையன்கள் சிலர், சீருடையைக்கூட மாற்றாமல் அந்தப் படிகளில் உட்கார்ந்து மிருதங்கம் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவன் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். விரல்களில் சிமெண்ட் காய்ந்திருந்தது.

பழைய கட்டடத்தின் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே மதுக்கடை நடத்துவதற்குப் பெயர் பாதுகாப்பா? எங்கள் ஊரிலும் இதுதான் நடக்கிறது.
*வாசகர், பினாங்கு*

உங்கள் கோபம் நியாயமானது. இதில் எனக்கும் பங்கு உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆற்றோரம் ஒரு மூன்று மாடிக் கடைவீட்டை அளக்க அனுப்பினார்கள். குறுகலான வாசல், உள்ளே நீளமாகப் போகும். முன்னால் அஞ்சடி, அதாவது கூரை போட்ட நடைவழி, அதன் தரையில் தேய்ந்துபோன சிவப்புச் சதுர ஓடு. பாதி தூரம் போனதும் தலைக்கு மேல் கூரை இல்லை, வானம். எங்கள் ஊர் வீட்டு வளவு, அதாவது நடு முற்றம் மாதிரியே. சின்னதுதான், எட்டடிக்குப் பத்தடி இருக்கும். ஆனால் அதே வெளிச்சம், அதே ஈரக் கல் வாசனை. மூலையில் தண்ணீர்த் தொட்டி இருந்த தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

கட்டட உரிமையாளருக்கு அங்கே நான்கு மேசை போட வேண்டும். கண்ணாடிக் கூரை போடலாம் என்று முடிவாயிற்று. வரைந்தது நான். பிறகு குளிர்சாதனக் குழாய் ஓடவேண்டும் என்று அந்தக் கண்ணாடிக்குக் கீழே இன்னொரு பொய்க்கூரை. அதையும் நானே வரைந்தேன். சில மாதம் கழித்துப் போனபோது நடுப்பகலில் உள்ளே விளக்கு எரிந்தது. முகப்பில் ஒரு குறை சொல்ல முடியாது, ஜன்னல் பலகை முதற்கொண்டு பழையபடி. அந்த வரைபடத்தின் மூலையில் வரைந்தவர் என்ற கட்டத்தில் என் முதலெழுத்து இருக்கிறது.

அந்த வயதில் எதிர்த்துப் பேசியிருந்தால் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். நான் பேசவில்லை. அதனால்தான் இப்போது சொல்கிறேன்: கடைவீட்டின் உயிர் முகப்பில் இல்லை, நடுவில் திறந்திருக்கிற அந்த எட்டடி வானத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் அனுமதிக்கு வரைபடம் வரும்போது முகப்புப் படத்தைக் கேட்காதீர்கள். கட்டடத்தை நீளவாக்கில் வெட்டி உள்ளே காட்டுகிற படத்தைக் கேளுங்கள். அதில் எல்லாம் தெரிந்துவிடும்.

லிவர்பூல் துறைமுகம் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதே, அதுவும் புதுக் கட்டடங்களால்தானே?
*வாசகி, லண்டன்*

ஆமாம். 2004ல் பட்டியலில் சேர்ந்தது, 2012ல் ஆபத்தில் உள்ளவற்றில் வைத்தார்கள், 2021ல் எடுத்தே விட்டார்கள். வடக்குக் கப்பல்துறைகளில் திட்டமிட்ட பெரிய கட்டடங்களும், பிராம்லி மூர் துறையை நிரப்பிக் கட்டிய கால்பந்து அரங்கமும் முக்கியக் காரணங்கள். பாழாய்க் கிடந்த இடத்துக்கு வேலையும் ஆட்களும் வருவதை யாராலும் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே கதையே கப்பல் நிற்கிற தண்ணீர்த் தொட்டிகளும் அவற்றின் கல் சுவர்களும்தான். துறையை மண் போட்டு மூடிய பிறகு சுவர் எதற்குச் சாட்சி? அதே ஊரில் 1846ல் திறந்த ஆல்பர்ட் டாக்கைப் பாருங்கள். மூடிக் கிடந்ததை 1980களில் சுத்தம் செய்து, தண்ணீரைத் தண்ணீராகவே விட்டு, சுற்றியிருந்த கிடங்குகளைக் கலைக்கூடமாகவும் கடையாகவும் மாற்றினார்கள். அது நல்ல வேலை.

என் ஐயா சிங்கப்பூரிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. எல்லாவற்றிலும் மார்க்கெட் ஸ்திரீட் என்று விலாசம். பேரன் அங்கே போகிறான். அந்த இடத்தைப் பார்த்துப் படம் எடுத்து வரச் சொல்லலாமா?
*வாசகி, காரைக்குடி*

ஆச்சி, உங்கள் கடிதத்தைத்தான் மூன்று முறை படித்தேன். என் ஐயாவும் அதே தெருவில்தான் இருந்தார். நம்மவர்கள் செட்டித் தெரு என்பார்கள். ரஜூலா கப்பலில் போய், படகு மாறி, கிளிஃபர்ட் துறையில் இறங்கி, டிரங்குப் பெட்டியோடு நடந்தே கிட்டங்கிக்கு, அதாவது நம்மவர்கள் வட்டிக்கடை வைத்துத் தங்கியும் இருந்த கூடத்துக்கு, போனதாகச் சொல்வார். அவ்வளவு பக்கம், கரையிலிருந்து.

கிட்டங்கி இப்போது இல்லை. உங்கள் பேரன் ஏமாறக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட் கீ வரிசையைக் காப்பாற்றிய சட்டம் வந்தது 1989ல். செட்டித் தெருவை அதற்கு முன்பே வங்கிகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று ஒதுக்கி இடித்துவிட்டார்கள். ஆற்றிலிருந்து ஐந்து நிமிட நடைதான். பத்துப் பதினைந்து வருட வித்தியாசத்தில் ஒன்று பிழைத்தது, மற்றொன்று போய்விட்டது. முதல் கேள்வியில் அந்த ஊரைப் பாராட்டினேனே, அது எவ்வளவு உண்மையோ இதுவும் அவ்வளவு உண்மை.

பேரன் அங்கே பார்க்கப்போவது கேபிட்டாஸ்பிரிங் என்கிற 280 மீட்டர் கட்டடத்தை. பியார்க்கே இங்கல்ஸின் அலுவலகமும் கார்லோ ராட்டியின் அலுவலகமும் சேர்ந்து வடிவமைத்து 2021ல் முடிந்தது. முகப்புக் கோடுகள் நடுவில் பிரிந்து, அந்த இடுக்கில் காடு மாதிரி செடிகள். மேலே பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். கீழ் மாடிகளில் உணவங்காடி இருக்கிறது. முன்பு அங்கே ஒரு கார் நிறுத்தக் கட்டடம் இருந்தது, அதில் கடை போட்டிருந்த உணவங்காடிக்குப் புதுக் கட்டடத்திலும் இடம் ஒதுக்கினார்கள். எனக்கு அதில் சந்தோஷம். கிட்டங்கிக்கும் இப்படி ஓர் அறை, ஒரே ஓர் அறை ஒதுக்கியிருக்கலாமே என்ற ஆதங்கமும் உண்டு. ஆற்றங்கரையில், ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துப் பக்கம், செட்டியார் ஒருவரை வெண்கலத்தில் வைத்திருக்கிறார்கள். பேரனை அதையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அங்கிருந்து கேவனா பாலத்தில் ஏறினால், மாடும் குதிரையும் பாலத்தில் போகக் கூடாது என்று எழுதிய பழைய போலீஸ் பலகை இன்னும் இருக்கிறது. அந்தப் பலகையை உங்கள் ஐயாவும் படித்திருப்பார். படம் எடுக்க வேண்டுமானால் அதை எடுக்கட்டும்.

ஆச்சி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் இப்போது ஒரு கிட்டங்கியை அளவோடு வரைந்துகொண்டிருக்கிறேன், ஐயா சொன்னதை வைத்து. நீளமான கூடம். இரண்டு ஓரமும் பெட்டியடிகள், ஒவ்வொரு பெட்டியடியும் ஒரு கடை. சாய்வு மேசை, கைப்பெட்டி, பின்னால் மர பீரோ. மேலாள் உட்காருவது எங்கே, அடுத்தாள் எங்கே, பெட்டியடிப் பையன் எங்கே என்று ஐயா தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். இரவில் அதே இடத்தில் பாய் விரித்துப் படுப்பார்களாம். மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் வீடு, கடை எல்லாம் அந்த ஒரு பாய் அகலம்தான். சமையல்கட்டு பின்னால் இருந்தது என்றார். மாடிப்படி எந்தப் பக்கம் என்று நான் கேட்காமல் விட்டுவிட்டேன். கூடத்தில் தூண் எத்தனை என்பதும் தெரியவில்லை.

அந்தக் கடிதங்களில் எங்காவது மாடிப்படியைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா, பாருங்கள். பழைய புகைப்படம் இருந்தாலும் போதும், ஆட்களுக்குப் பின்னால் தூண் தெரியும். அசல் வேண்டாம், பேரனைச் செல்போனில் எடுத்து இதழ் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். வரைபடம் முடிந்ததும் முதல் பிரதி உங்களுக்கு வரும்.